தெற்கு மூலைத் தூண்

டாலாவில் மரமில் கொட்டகை, லான்மடாவில் ஒரு வரிசைக் கடைகள், ஆற்றோரத்தில் சரக்குக் கிட்டங்கி, எல்லாவற்றுக்கும் மேலாக ரங்கூனில் நம் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் மரக்கோயில். இத்தனையும் கட்டியவன் நான். இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன், கப்பலிலிருந்து வெறுங்கையோடு இறங்கியவன். சேற்று நிலம், கோயில் நிற்காது என்று படித்தவர்கள் கைவிரித்த இடத்தில் நிறுத்திக் காட்டினேன். ஆனால் இன்று என் மேசைமேல் இருப்பது ஒரு தேக்கு ஆப்பு. அதைப் பார்க்கும்போதெல்லாம் மச்சினன் நினைவு வரும்.

என் மனைவியின் தம்பி அவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். நல்லவன், குடிகாரன், இரண்டும் உண்மை. குடித்து விழுந்தால் சபை ஒழுங்குப்படி நற்கருணையிலிருந்து விலக்கி, கோயிலுக்குள் வரக் கூடாது என்பார்கள். சில மாதம் கழித்து எல்லார் முன்னும் நின்று பாவத்தை அறிக்கையிட்டு அழுவான், சேர்த்துக்கொள்வார்கள். மறுபடி சம்பான் படகேறி அக்கரை டாலா கள்ளுக்கடைக்குப் போய்விடுவான். "மேஸ்திரி, உம்ம மச்சினன் நின்னு நின்னு பீடத்து முன்னால பலகை தேஞ்சு போச்சு. வேற பலகை போடும்" என்று சபை மூப்பர் என்னிடமே கேலி பேசுவார்.

ஒரு வருஷம் மழை ஓய்ந்து, அறுப்பின் பண்டிகை நெருங்கிய சமயம், மூப்பர் கோயிலில் கூட்டம் போட்டார். "அவனை அடியோட நீக்கிர வேண்டியதுதான். எத்தனை தடவைதான் மன்னிக்கிறது?" பிரசங்கம் செய்யும் உபதேசியார் சபைப் பதிவேட்டைப் புரட்டினார். இந்த வாசலும் அடைபட்டால் அவன் டாலாவிலிருந்து திரும்பவே மாட்டான்.

அந்நேரம் பலகைத் தளத்துக்குக் கீழிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது.

கோயில் கால்மரங்கள்மேல் நிற்பது. தெற்கு மூலைத் தூண் ஒவ்வொரு மழைக்கும் சேற்றில் இறங்கும். பண்டிகைக்கு முன் உத்தரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி இடைவெளியில் ஆப்பு அடிப்போம். கீழே படுத்து அதைச் செய்துவந்தவன் அவன்தான். எல்லாரும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். சேற்றில் மல்லாந்து கிடந்தான்.

"உன்னைத்தான் வரப்பிடாதுன்னு சொல்லியிருக்கே!" என்றார் மூப்பர்.

"மேல வரப்பிடாதுன்னீக. கீழ வரப்பிடாதுன்னு சொல்லலையே, ஐயா."

உபதேசியார் சிரித்துவிட்டார். நான் விடவில்லை. "மூப்பரே, இந்தத் தூணும்தான் வருசா வருசம் இறங்குது. கோயிலப் பிரிச்சுப் போட்டுரலாமா?"

"தூணும் மனுசனும் ஒண்ணா வே? தூணுக்குப் புத்தி கிடையாது."

"புத்தி இருந்தும் இறங்குறேனே ஐயா, அதுதான் எனக்கு வெக்கம்" என்றான் மச்சினன். "தானா ஏற எனக்குச் சத்து இல்ல. தூக்கி விடுங்க."

உபதேசியார் வெள்ளை வேட்டியோடு சேற்றில் மண்டியிட்டு அவனுக்குக் கை கொடுத்தார். மூப்பரும் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு மற்றக் கையைப் பிடித்தார்.

பண்டிகையன்று தேய்ந்த பலகையில் மச்சினன் நின்றான், அப்பத்தை வாங்கினான். சேற்றைக் கர்த்தர் வெறுக்கிறார், அதில் இறங்கிய தூணை வெறுப்பதில்லை, தூக்கித் தூக்கி அவர் கை சலிப்பதில்லை என்று உபதேசியார் பிரசங்கித்தார். கோயிலே அழுதது.

அதன்பின் அவன் விழவே இல்லை என்று எழுதினால் பொய். விழுந்தான். ஆனால் யாரும் கூப்பிடுமுன் தானே வந்து நின்றான். வருஷம் போகப் போகப் பலகைக்கு வேலை குறைந்தது. கடைசி நோயில் தெளிந்த மனதோடு நற்கருணை வாங்கிப் போனான். பெட்டியின் முன்பக்கத்தைத் தோள்கொடுத்துத் தூக்கியவர் மூப்பர். ஜெயமாகத்தான் போனான் என் மச்சினன்!

இப்போது கோயிலில் நினைவுக் கல் வைக்கிறார்களாம். அதில் தூண் பிரசங்கம் செய்த உபதேசியார் பெயரும் மூப்பர் பெயரும் உண்டு. என் பெயர் இல்லை. தூணைக் காட்டிப் பேசியது யார்? அன்று மச்சினன் அடித்த பழைய ஆப்பு மேசைமேல் இருக்கிறது. புதியது தெற்கு மூலையில் கோயிலைத் தாங்குகிறது. தூக்கிவிட்டவர் கர்த்தர், அதில் எனக்குப் பங்கு வேண்டாம். சொல்லால் ஆப்பு அடித்தவன் நான். அதைக் கல்லில் வெட்டுங்கள். பக்கத்தில், சேற்றில் படுத்து நிஜ ஆப்பு அடித்த என் மச்சினன் பெயரையும்.