இன்சுலின் சைவமா?

சித்தாண்டி முருகன் கோயிலில் கொடியேறுவதற்கு முந்திய நாள் அக்கா பிரிட்ஜைக் கழுவுவாள். வருடத்தின் மற்ற நாட்களில் அதற்குள் மீன் இருக்கும். திருவிழா முடிந்து தீர்த்தமாடும் வரை வீட்டில் மீன் மணமே இருக்கக் கூடாது. மீன் சட்டிகள் மாட்டுக்கொட்டில் பரணுக்குப் போகும். சந்தையில் வாங்கிய புதுச் சட்டிகள் அடுப்பங்கரைக்கு வரும். பிரிட்ஜின் தட்டுகளைக் கழற்றி, தேசிக்காய் பிழிந்த தண்ணீரால் துடைத்து, முற்றத்தில் வெயிலில் வைப்பாள்.

அந்த வருடம் அவள் அதைச் செய்யும்போது நான் பக்கத்தில் நின்றேன். மட்டக்களப்பு நகரத்திலிருந்து அவள் கேட்ட கற்பூரம், சாம்பிராணி எல்லாம் கொண்டுபோயிருந்தேன். பிரிட்ஜ் கதவைத் துடைத்துக்கொண்டு வந்தவளின் கை இன்சுலின் போத்தலில் நின்றது. கிளினிக்கில் கொடுக்கும் சிறிய போத்தல். காலையும் மாலையும் வயிற்றில் தானே ஊசி குத்திக்கொள்வாள். அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"தம்பி, இது சைவமா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கிளினிக்ல ஒரு பொம்புள சொன்ன, பண்டியில இரிந்து எடுக்கிறதாம்."

"அது முந்திக்கா. பண்டியிலயும் மாட்டிலயும் எடுத்தவங்கதான். இப்ப இல்ல."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் நான் பத்திரிகையின் செய்தி மேசையில் பல வருடம் இருந்தவன். அரைகுறைத் தகவல் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் விடுவது மேல் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்பவன். அதோடு, மரபணு மாற்றம் பற்றி அப்போதுதான் ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். படித்ததெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"இப்ப ஒரு கிருமியைக் கொண்டு செய்விக்கிறாங்க. இன்சுலின் எப்படிச் செய்யிற எண்டு மனிசன்ட உடம்புக்குள்ள ஒரு கட்டளை இரிக்கு. மரபணு. அதைக் கொண்டுபோய்க் கிருமிக்குள்ள வைச்சா, கிருமி இன்சுலின் செய்யும்."

"மனிசன்டயா?"

"ஓம், மனிசன்ட இன்சுலின்தான். அச்சொட்டா அதே."

"கிருமிக்கு உயிர் இரிக்கா?"

"இரிக்கு."

"மறுகா அதுக்கு என்ன நடக்கும்?"

"உடைச்சுத்தான் உள்ளுக்கு இரிக்கிறத எடுக்கிற. மறுகா சுத்தப்படுத்துவாங்க. போத்தலுக்குள்ள கிருமி ஒண்டும் வராது."

முக்கியமானது அந்தக் கடைசி வாக்கியம். முக்கியமானதை முதல் பந்தியில் வை என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் அதைக் கடைசியில் வைத்தேன். அதற்குள் அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப சைவமில்ல."

"அப்படிச் சொல்லேலாக்கா."

"சைவம் எண்டு சொல்லேலுமா?"

"அப்படியும் சொல்லேலா."

வாசலில் உட்கார்ந்து எருமை கட்டக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த அத்தான் தலையைத் தூக்கினார். "பொண்டாட்டி கேட்டது ஓமா இல்லையா எண்டு. மச்சான் மந்திரிமார் மாதிரிப் பதில் சொல்றான்."

மூவரும் சிரித்தோம். அக்கா போத்தலைத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தாள். நான் தேத்தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

திருவிழா நாட்களில் அவளோடு தொலைபேசியில் பேசினேன். சனம் எப்படி, இரவு மழை பெய்ததா, வீதியில் வாகன நெரிசல் உண்டா என்று கேட்டேன். அது செய்திக்கு. ஊசி போடுகிறாயா என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

அவள் கொடியேறிய காலையே ஊசியை நிறுத்தியிருந்தாள். அத்தானுக்கு அது தெரியும். விரதமிருந்து ஒரு நேரம் மட்டும் சாப்பிடுகிறவளுக்குச் சீனி எங்கே ஏறப்போகிறது என்று அவரும் நினைத்திருக்கிறார். பூசை முடிந்து வந்து சோறும் எருமைத் தயிரும் சாப்பிடுவாள். மற்ற நேரமெல்லாம் கோயில் வீதியில் வெறுங்காலோடு சாமிக்குப் பின்னால் நடந்தாள். சலரோகம் அவளுடைய பாதங்களை மரத்துப்போகச் செய்து வெகுநாளாயிற்று. மணலுக்குள் கிடந்த உடைந்த போத்தல் ஓடு ஒன்று வலது காலில் ஏறியது அவளுக்குத் தெரியவில்லை. வீட்டு நிலத்தில் இரத்த அடையாளத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். மஞ்சளை அரைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் நடந்தாள்.

தீர்த்தம் முடிந்த பிறகு அத்தான் அழைத்தார். "கால் வீங்கிக் கறுத்துப்போய்க் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாறன். நீ வாசலுக்கு வா."

ஆஸ்பத்திரி வாட்டில் காயத்தைத் திறந்தபோது நானும் நின்றேன். சீனி கூடிய இரத்தத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும், அதை எதிர்க்க வேண்டிய அணுக்கள் சோர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அதையும் நான் வேறொரு கட்டுரையில் எழுதியிருந்தேன். எழுதியபோது அதற்கு இந்த மணம் இருக்கவில்லை. இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே எடுக்கும் நிலை வராமல் பார்ப்போம் என்றார். பிறகு அவளிடம் கேட்டார்.

"ஊசிய நிப்பாட்டச் சொன்னது ஆரு?"

"ஒருத்தரும் சொல்லல்ல ஐயா. நானாத்தான் நிப்பாட்டின."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் கட்டில் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னது உண்மை. நான் நிறுத்தச் சொல்லவில்லை. நான் சொன்னதிலும் ஒரு பிழையும் இல்லை. எந்த ஆசிரியரும் அதில் ஒரு சொல்லை வெட்ட மாட்டார். டாக்டர் தலையை அசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

விரல்கள் போயின. கால் தப்பியது.

அவளைப் பார்க்க அத்தான் வரும்போது வீட்டுத் தயிர் கொண்டு வருவார். ஒருநாள் அந்தச் சட்டியின் மேலிருந்த வாழை இலையை நான் அவிழ்த்தேன். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுவது. பாலைத் தயிராக்குவது கிருமி. ஒவ்வொரு கரண்டியிலும் எண்ண முடியாத அளவு, எல்லாம் உயிரோடு. விரதம் முழுக்க அவள் சாப்பிட்டது அதைத்தான். பிரிட்ஜ் கழுவிய அன்றும் வெளியே எடுத்து வைத்த ஒரு தயிர்ச் சட்டி பலகையில், என் முழங்காலுக்கு நேரே இருந்தது. "தயிர் சைவம் எண்டா இதுவும் சைவம்தான்கா" என்று ஒரு வாக்கியம் போதும். அவளுக்கு விளங்கியிருக்கும். எனக்கு அன்றைக்கு நினைவில் வந்ததெல்லாம் ஆய்வுகூடம்.

அடுத்த வருடமும் கொடியேறுவதற்கு முந்திய நாள் வந்தது. அக்கா கேட்காமலே போனேன். அவள் பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்தபடி பிரிட்ஜைக் கழுவினாள். வலது காலில் துணி வைத்துத் தைத்த மெத்தென்ற சப்பாத்து. சாமிக்குப் பின்னால் நடப்பதில்லை, கோயில் வாசலில் நின்று கும்பிடுவது மட்டும்தான் என்று அத்தானுக்குச் சொல்லியிருக்கிறாள். கதவுத் தட்டுக்கு வந்ததும் போத்தலை எடுத்தாள்.

தயிரைப் பற்றிச் சொல்லத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். பஸ்ஸில் சொற்களை அடுக்கியும் பார்த்தேன். ஆனால் அக்காவை எனக்குத் தெரியும். தயிருக்குள் உயிர் இருக்கிறது என்று கேட்டால் அவள் ஊசியைத் தொடர மாட்டாள், தயிரையும் நிறுத்திவிடுவாள்.

"இது சைவமா தம்பி?"

"சைவம்தான்கா."

"போன வருசம் சொல்லேலா எண்டாய்."

"போன வருசம் எனக்குச் சரியாத் தெரியா."

"இப்ப தெரியுமா?"

"ஓம்."

கொட்டில் பக்கமிருந்து அத்தான் சொன்னார்: "மச்சான் ஒரு சொல்லில பதில் சொல்லப் பழகிற்றான். விரல் ரெண்டு செலவு."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். அக்கா அவரைப் பார்த்து முறைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்லும்போது சிறுவயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். இது பொய்யா என்பது எனக்கே தெரியாததால், என் முகத்தில் அவள் என்ன கண்டாளோ சொல்ல முடியாது.

"சரி. நீ சொல்றதால போடுறன். பாவம் எண்டா அது உனக்குத்தான். எனக்கில்ல."

"ஓம்கா. எனக்குத்தான்."

"முருகனுக்கு முன்னால நிண்டும் இப்படித்தான் சொல்லுவன்."

"சொல்லு."

அவள் போத்தலைத் துடைத்துத் தட்டில் வைத்தாள். மாலையில் பூசைக்குப் புறப்படுமுன் அதை எடுத்து, ஊசியில் மருந்தை ஏற்றி, சேலைத் தலைப்பை விலக்கி வயிற்றைக் கிள்ளிப் பிடித்தாள். குத்துவதற்கு முன் நான் நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டாள். நின்றேன்.