நாலாம் லைன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாரையும் நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் "உனக்குப் பிரமை" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள், கெட்ட கோபம் வரும். பட்டப்பகலில், விளக்கெல்லாம் எரிகிற அறையில், ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது.

நான் வேலை பார்ப்பது வானொலி நிலையத்தில். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்து வரை நேரலைப் பேச்சு. ஒரு புத்தகம், இரண்டு பாட்டு, வீட்டு விஷயம் ஒன்று. நடத்துகிறவன் என் கூடப்பிறந்த அண்ணன். நேயர்கள் அவனுக்கு வைத்த பெயர் தேன்குரல். வீட்டில் அவன் பேசுவதைக் கேட்டிருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். நேயர்களின் போன் என் பொறுப்பு. மொத்தம் நான்கு லைன். அழைக்கிறவர்களிடம் "லைன்லயே இருங்க, அடுத்தது நீங்கதான்" என்று சொல்லிக் காத்திருக்க வைப்பேன். அண்ணன் தலையாட்டினால் ஒலிபரப்பில் இணைப்பேன்.

ஐந்து வாரமாக ஒரு அம்மா அழைத்துக்கொண்டிருந்தார். மகன் சண்டை போட்டுக்கொண்டு வெளியூர் போய் மூன்று வருடம். அம்மாவின் போனை எடுப்பதில்லை. ஆனால் இந்த நிகழ்ச்சியை மட்டும் ஒரு ஞாயிறும் விடமாட்டானாம்.

"ரெண்டே வார்த்தைம்மா. அவன் காதுல விழுந்தா போதும்" என்பார்.

அண்ணன் மசியவே இல்லை. அழுமூஞ்சி சமாச்சாரமெல்லாம் காலை நேரத்துக்கு ஆகாதாம். ஐந்தாவது ஞாயிறு, 9.05க்கு, அந்த அம்மாவை நாலாம் லைனில் காத்திருக்க வைத்தேன். இவனோ சமையலறையில் எறும்பை விரட்டுவது எப்படி என்று அரை மணி நேரம் அளந்துகொண்டிருந்தான். கண்ணாடியைத் தட்டினேன், கையைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிந்ததும் அவனைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டு, கதவைப் படாரென்று அறைந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த ஆத்திரத்தில் நாலாம் லைனை மறந்தே போனேன்.

அடுத்த ஞாயிறு. காலை 8.20. அறைக்குள் நுழைகிறேன், நாலாம் லைன் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. வாரநாளில் வேலை பார்க்கிற அக்கா ஒரு சீட்டு ஒட்டி வைத்திருந்தார். 'நாலாம் லைன் வாரம் முழுக்க பிஸி. என்ன பண்ணினாலும் கட் ஆகல.'

ஹெட்போனை மாட்டினேன்.

"ஹலோ?"

"இருக்கேம்மா."

அதே அம்மா. இப்போதுதான் அழைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். போன வாரத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கு யார் தடுத்தாலும் உங்களைப் பேச வைக்கிறேன் என்றேன். மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை...

9.36. அண்ணனுக்குச் சைகை காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது.

9.38. ஒலிபரப்பில் வயலின் போய்க்கொண்டிருந்தது. நாலாம் லைனைக் காதில் வைத்துப் பார்த்தேன். அந்த அம்மாவுக்குப் பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. குறைக்கச் சொல்ல வாயெடுத்தேன்.

வயலின் இல்லை. புல்லாங்குழல்.

போன வாரம் போட்ட புல்லாங்குழல்.

அது நின்றது. ஓர் ஆண் குரல் வந்தது. சர்க்கரை டப்பாவைச் சுற்றி வருகிற எறும்பைப் பற்றி...

அண்ணன் குரல்.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

கொடுத்த வாக்கு வாக்குதான். 9.41. யாரையும் கேட்காமல் லைனைத் திறந்தேன்.

"கண்ணு... அம்மாவுக்குக் கோவம் இல்லடா. வீட்டுக்கு வா."

பதினொரு விநாடி. விளக்கு தானாக அணைந்தது.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றினான். முகத்தில் ஈயாடவில்லை.

"பின்னால... எறும்பு பத்திப் பேசினது யாரு?"

9.44. முதல் லைன் அடித்தது. ஓர் ஆள்.

"எங்கம்மா குரல்ல விளையாடுறது யாருங்க?"

எனக்கும் வந்ததே கோபம். மூன்று வருடம் பெற்றவளை அழ வைத்த உனக்கு இப்போதுதான் போன் போடத் தெரிந்ததா, முதலில் போய் அவரைப் பார் என்று கத்தினேன்.

"போன ஞாயித்துக்கிழமையே போய்ட்டாங்க."

மதியம் அந்த மகனே நிலையத்துக்கு வந்தார். அன்றைய பதிவைப் போட்டுக் காட்டினோம். 9.41க்கு அம்மாவின் குரல் இல்லை. பதினொரு விநாடி எறும்புப் பேச்சு மட்டும், எங்கோ தூரத்தில்.

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாராம். ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததாம். ரிசீவர் காதோடு இருந்ததாம். புதன்கிழமை போன் வயரைப் பிடுங்கியது மகன்தான். அந்தப் போனே இவர் பையில் இருந்தது.

என்ன நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் விளக்கத் தெரியவில்லை. எனக்கும் விளக்கம் வேண்டாம். அண்ணனோடு நான் பேசுவதில்லை. ஆனால் இப்போது என் கோபமெல்லாம் அவன் மேல் இல்லை.

கிளம்பும்போது அவர் ஒரு தாளை நீட்டினார். போன் பக்கத்தில் கிடந்ததாம். அம்மா எழுதியது.

9.05 காத்திருக்கச் சொல்லியிருக்கா.

9.20 அடுத்தது நான்தானாம்.

9.33 நெஞ்சு வலிக்குது. யாரையாவது கூப்பிடணும். போனை வச்சா லைன் போயிடும்.

9.41 அந்தப் பொண்ணு மறக்க மாட்டா.