வெட்டிய ஓரத்தைத் தேடி தி.நகருக்கு

நான் பழைய வீடியோ கேம்களைச் சேர்ப்பவன் இல்லை. அவற்றைத் தயாரித்தபோது மிஞ்சிப்போனதைச் சேர்ப்பவன். ஒட்டாத ஸ்டிக்கர் தாள், காலி கேசட் கூடு, மடிக்காத அட்டைப்பெட்டி. இதற்காக ஊர் சுற்றி எழுதும் பதிவுகளை நீங்கள் படித்திருப்பீர்கள். இந்தப் பதிவைக் கோபத்தோடு எழுதுகிறேன், முன்பே சொல்லிவிடுகிறேன்.

போன புதன்கிழமை சாந்தோமிலிருந்து பிலோமினா டீச்சர் போன் செய்தார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. அதற்கு முன் பேசியதில்லை. அடையாரில் பழைய வீடியோ கேம் கண்காட்சி ஒன்று நடக்கிறது. கேசட் படங்களைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டி, கீழே ‘வரைந்தவர்: தெரியவில்லை’ என்று போட்டிருக்கிறார்கள். அங்கே மாட்டிய பதினாறு படங்களையும் வரைந்தவர் இந்த டீச்சர். ஆசிரியர் வேலை கிடைப்பதற்கு முன்பு, தி.நகரில் கேசட் தயாரித்த ஒரு சின்னக் கம்பெனிக்காக வரைந்திருக்கிறார். நேரில் போய்ச் சொன்னதற்கு, “ஆதாரம் இருக்கா மேடம்?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். போனில் கேட்டபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படத்துக்குள் பெயர் போட முதலாளி விடவில்லையாம். அதனால் பதினாறு படங்களும் சேர்ந்து அச்சான ஸ்டிக்கர் தாளின் ஓரத்தில், அச்சகத்தார் வண்ணக் கட்டங்கள் வைக்கும் இடத்தில், பொடி எழுத்தில் பெயர் எழுதியிருக்கிறார். ஓரம் வெட்டாத முழுத்தாள் ஒன்று வேண்டும். கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

அந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். போன வருடம் அங்கேதான் வாங்கினேன். சனிக்கிழமை காலை ஆதம்பாக்கம் வீட்டிலிருந்து பரங்கிமலை ஸ்டேஷனுக்குக் கால் மணி நேர நடை. 9.40 ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய், ஆறு கிலோமீட்டர், பத்தே நிமிடத்தில் மாம்பலம். ஸ்டேஷனிலிருந்து கடைக்கு நானூறு மீட்டர் இருக்கும். சனிக்கிழமைக் கூட்டத்தில் இருபத்தைந்து நிமிடம் ஆனது. தள்ளுகிறவர்களைத் திட்டிக்கொண்டே போனேன்.

மாடியில் எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடை. கம்பெனியை மூடியபோது மிஞ்சிய சரக்கை எடை போட்டு வாங்கியவர் கடைக்காரர் செல்வம். தாள்கட்டை எடுத்து மேசையில் வைத்தார். நாற்பது தாள். ஒன்றில்கூட ஓரம் இல்லை. அத்தனையையும் கத்தரியால் கோணல்மாணலாக வெட்டியிருந்தார்.

கத்திவிட்டேன். யாரைக் கேட்டு வெட்டினீர்கள், இதெல்லாம் என்னவென்று தெரியுமா என்று என்னென்னவோ. வாங்க வந்த இரண்டு பேர் படியிறங்கிப் போய்விட்டார்கள். செல்வம் அசரவில்லை.

“இன்னா சார் இப்டி கத்துறீங்க? நீங்கதான எழுதிகீறீங்க, ஓரம் வேஸ்ட்டு, வெட்டி வாங்குனா ஃபைல்ல அடங்கும்னு. வர்றவன் எல்லாம் போன்ல அதத்தான் காட்டுறான். சரி, ஒரேடியா வெட்டி வெச்சுட்டேன்.”

உண்மை. போன வருடப் பதிவில், ‘வாசகர்களுக்குச் சில யோசனைகள்’ என்று பெரிய மனிதத் தோரணையில் நான் எழுதியதுதான். என் தாளையும் அப்படி வெட்டித்தான் வாங்கியிருந்தேன். அவர்மேல் வந்த கோபத்துக்குப் போக்கிடம் இல்லாமல் என் மேலேயே திரும்பியது. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“ஓரத்தை எங்கே போட்டீங்க?”

“ஸ்டிக்கர் பேப்பர் சார், யாராவது தூக்கிப் போடுவானா? டப்பாவுக்கு ஒட்டிட்டேன்.”

சுவர் நெடுக பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துண்டு, அதன்மேல் மார்க்கரில் சரக்கின் பெயர். ஸ்டூல் போட்டு ஒன்றொன்றாகப் பார்த்தேன். ஒன்றே கால் மணி நேரம். பல துண்டுகள் வெறும் வெள்ளை. சிலவற்றில் வண்ணக் கட்டம் மட்டும். மற்றவற்றில் பெயர் இருந்த இடத்தைக் கத்தரி தின்றிருந்தது, இல்லை மார்க்கர் மூடியிருந்தது. மேல் தட்டில் ஒரு டப்பா. அதில் ‘ஃப்யூஸ் 2 ஆம்ப்’ என்ற கறுப்பு எழுத்துகளுக்கு அடியில், பொடியாக: ‘படங்கள்: சி. பிலோமினா, சாந்தோம்’. பக்கத்தில், கோணல் வெட்டில் மாட்டிக்கொண்ட டிராகன் வாலின் நுனி. தாள்களை வைத்துப் பார்த்ததில் பதினோராவது தாளின் டிராகனோடு அந்த நுனி அப்படியே பொருந்தியது. நேராக வெட்டத் தெரியாத மனிதர் வாழ்க!

உரித்தால் கிழிந்துவிடும். ஃப்யூஸோடு டப்பாவையே வாங்கினேன், தாளும் சேர்த்து 320 ரூபாய்.

சாந்தோமுக்கு ஆட்டோ. ஏழு கிலோமீட்டர், 200 ரூபாய், ஐம்பது நிமிடம்.

“இன்னா சார், கொயந்த மாரி கட்டிப் புட்ச்சிகினு வர்றீங்க? உள்ள இன்னா கீது?” என்றார் ஓட்டுநர்.

“ஃப்யூஸ்” என்றேன்.

டீச்சர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு டப்பாவை ஜன்னல் பக்கம் திருப்பினார். பொடி எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். பிறகு, “என் பேரு மேலேயே எழுதியிருக்கான்” என்றார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஓரத்தை வெட்டச் சொன்னதே நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும் தம்பி. அதைப் படிச்சுட்டுதான் உங்களுக்குப் போன் பண்ணேன்.”

ஞாயிறு காலை அடையாருக்கு இருவரும் போனோம். வாலையும் டிராகனையும் சேர்த்துக் காட்டியதும் ‘தெரியவில்லை’ அட்டைகளை எடுத்துவிட்டு டீச்சர் பெயரை மாட்டினார்கள். கண்காட்சி முடிய ஐந்து மணி நேரம் இருந்தது. ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

தி.நகர் போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு வேண்டாம், வாரநாளில் பத்தரைக்குள் போங்கள். கடை முகவரியை இனி நான் தருவதாக இல்லை. வேறெங்கே இப்படித் தாள் கிடைத்தாலும் ஓரத்தில் கை வைக்காதீர்கள். பெரிய ஃபைல் வாங்குங்கள். முடியாவிட்டால் சுருட்டி வையுங்கள். யாராவது ஓரம் வேஸ்ட் என்றால், அது நானாகவே இருந்தாலும் கேட்காதீர்கள்.

அந்தப் பழைய பதிவை அழித்துவிடட்டுமா என்று டீச்சரிடம் கேட்டேன்.

“வேணாம். உங்க பேரோட அப்படியே இருக்கட்டும்” என்றார்.