கடைசி வரியை விட்ட தண்டோரா

சின்னப்பையன் தொண்டைக்கு முன்னால் வாடகை மைக் செட் தோற்றுப்போகும். வாலாஜாபாத் ரோட்டில் ஊராட்சி ஆபீஸ் எதைச் சொன்னாலும், பறையடித்து அதை ஊருக்குச் சொல்வது அவர் வேலை. ஊரே அவரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டது. அது ஊரின் யோக்கியதை. இந்தக் கதையில் அவர், அவர்தான்.

எழுத்தர் நடேசன் தாளைப் படிப்பார். சின்னப்பையன் கேட்டு மனதில் ஏற்றிக்கொள்வார். ஒரே ஒரு பழக்கம், கடைசி வரியை விட்டுவிடுவார். தேதி, ஒப்பம் என்று எப்போதும் அதில் வெற்று வார்த்தைதான் இருக்கும். களத்தில் நிற்கிறவன் அதையெல்லாம் எதற்குக் கேட்க வேண்டும்?

தொண்ணூற்றொன்றில் ஊராட்சி ஒரு விதி போட நினைத்தது. புதுக் கம்பெனி கேட்டிலிருந்து நூறு கஜத்துக்குள் சாப்பாட்டுக் கடை கூடாது. அந்த கேட்டில்தான் சின்னப்பையனின் தங்கை ரத்னா இட்லி சுட்டாள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அவள் அடுப்பைச் சுற்றித்தான் நிற்பார்கள். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

தங்கை முகத்தைப் பார்க்காமல் பறையை அடித்துச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாளே ரத்னாவும் மற்ற கடைக்காரர்களும் கீற்றைப் பிரித்துவிட்டார்கள். பறையடித்துச் சொன்னால் அது உத்தரவு. காலங்காலமாக ஜனங்களை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

"உன் வாயாலயே என் அடுப்ப அணைச்சிட்டியேண்ணா."

"நா இன்னா பண்றது ரத்னா? சர்க்காரு சொல்லுது, நா கத்தறேன்."

"அந்த சர்க்காரே உனுக்கு இட்லி சுட்டுப் போடட்டும். என் வூட்டாண்ட வராத."

சில வாரம் கழித்து ஆபீஸில் நடேசன் சொன்னார்: "உங்க ஊர் ஜனம் ரொம்ப சாதுய்யா. ஒருத்தர் கூட ஆட்சேபணை சொல்லல. வெள்ளிக்கிழமை ஸ்பெஷல் ஆபீசர் கையெழுத்து போட்டா, விதி ஆயிடும்."

"இன்னும் ஆவலயா சார்?"

"இது வரைவுய்யா. ஆட்சேபணை இருந்தா முப்பது நாளுக்குள்ள வந்து சொல்லலாம்னு கடைசி வரில படிச்சேனே. நீ சொல்லல?"

சின்னப்பையன் மூலையில் கிடந்த பறையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"யோவ், எங்க? உத்தரவு இல்லாம அடிச்சா மெமோ வரும்."

"அன்னிக்கி பாதிதான் சார் அடிச்சேன். மீதிய அடிச்சிட்டு வந்துடறேன்."

தெருத்தெருவாகப் போனார். "கேளுங்க ஜனங்களே. கம்பெனி கேட்டு விதி இன்னும் விதி ஆவல. புடிக்கலன்னா வெள்ளிக்கெழமைக்குள்ள ஆபீஸாண்ட வந்து சொல்லலாம். இத சொல்லாம வுட்டது ஆபீஸ் இல்ல, நாந்தான்." ரத்னா வீட்டு வாசலில் மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

வெள்ளிக்கிழமை கடைக்காரர்களோடு ஷிப்ட் முடித்த ஆட்களும் வந்து ஆபீஸ் வாசலை அடைத்துக்கொண்டார்கள். ஸ்பெஷல் ஆபீசர் காரணம் சொன்னார்: "லாரி போற ரோட்டுல கூட்டம் நின்னா ஆபத்தும்மா."

"ரோட்டோரம் வாணாம் சார்," என்றாள் ரத்னா. "கம்பெனி செவுத்தோரம் உள்வாங்கிப் போட்டுக்கறோம். லாரி அங்கயும் வந்தா, அது லாரி தப்பு."

கூட்டம் சிரித்தது. ஆபீசரும் சிரித்துவிட்டார். ரோட்டோரம் கூடாது, சுவரோரம் போடலாம் என்று விதி மாறியது. அதை ஆபீசரின் தாராள மனசு என்று யாரும் எழுத வேண்டாம். வாசலில் ஆள் நின்றால் பேனா வேறு மாதிரி ஓடும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தியது எந்தத் துண்டறிக்கையும் இல்லை. ஒரு பறை, ஒரு தொண்டை.

மெமோவும் வந்தது. சின்னப்பையன் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முடிவான விதியைச் சொல்லக் கிளம்பினார். சுவரோரம் ரத்னாவின் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. எதிரில் நின்று முழுசாகச் சொன்னார். நிறுத்தவில்லை.

"ஒப்பம், ஸ்பெஷல் ஆபீசர். நகல், அறிவிப்புப் பலகைக்கு. நகல், கோப்புக்கு..."

"போதும்ண்ணா," என்றாள் ரத்னா. "உக்காரு, இட்லி ஆறுது."