கேட்காமல் சொல்லக்கூடாத இருமல்

போன மாதம் என் மகள் மருந்துப் பிரதிநிதிக்கான தகுதித் தேர்வு எழுதினாள். மணமுறிவுக்குப் பிறகு ராஜபாளையத்தில் என்னோடு இருப்பவள். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த வேலையும் போய்விட்டது. இந்தத் தேர்வில் தேறினால் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அவளுக்குரிய பகுதி. தவறினால் பயிற்சியோடு சரி, மருந்துக் கம்பெனியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவளுக்கு நான் உதவ முடியும் என்று நம்பினேன். டாக்டர்களின் வாசலில் தோல் பையோடு நின்று, மேலாளராக உயர்ந்து, புதியவர்களுக்கு இதே தேர்வை நடத்தியவன் நான்.

தேர்வுக்கு இரண்டு பகுதிகள். முதலில் எழுத்து. அடுத்து வாய்மொழி: மேலாளர் டாக்டராக உட்கார்ந்திருப்பார், மருந்தின் பெருமைகள் அச்சிட்ட படப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டி அவரிடம் பேச வேண்டும். விரலால் காட்டக்கூடாது, பேனாவால்தான். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் பக்க விளைவுகள் இருக்கும். அந்தப் பக்கம் வருவதற்குள் நன்றி சொல்லி மூடிவிடுவது எங்களுக்குள் எழுதப்படாத வழக்கம். எழுத்துத் தேர்வில் பக்க விளைவை விடாமல் எழுதினால்தான் மதிப்பெண். வாய்மொழியில் கேட்காமல் சொன்னால் மதிப்பெண் போகும். நானே குறைத்திருக்கிறேன். "கேட்காததைச் சொல்கிறார்" என்று குறிப்பும் எழுதியிருக்கிறேன். மகளுக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பாட்டு மேசைதான் டாக்டர் அறை.

"சீக்கிரம் சொல்லும்மா, வெளிய கூட்டம் நிக்கி" என்றேன் டாக்டராக.

"கூட்டமா? நம்ம பூனைதான் நிக்கி."

"ஏட்டி, டாக்டர்ட்ட இப்படியா பேசுவ?"

"டாக்டர் மொதல்ல வேட்டிய ஒழுங்காக் கட்டட்டும்."

அப்படிச் சிரிப்பும் படிப்புமாகத்தான் போனது, தேர்வுக்கு முந்தின நாள் வரை. அன்று எழுத்துத் தேர்வுக்காகப் பாடத்தை போனில் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். இரத்த அழுத்த மாத்திரை. "பொதுவான பக்க விளைவு: விடாத வறட்டு இருமல். மாத்திரையை நிறுத்தினால் நின்றுவிடும்." வாசிப்பு அங்கேயே நின்றது.

"ப்பா, நான் ஒம்பதாப்பு படிக்கும்போது அம்மா இருமிக்கிட்டே கெடந்தாளே. அப்ப என்ன மாத்திர சாப்பிட்டா?"

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். மறுநாள் தேர்வு என்ற சாக்கும் இருந்தது.

"இதே மாத்திரைதான். டாக்டர் எழுதிக் கொடுத்தாரு. நான் என் பையில இருந்து எடுத்துக் கொடுத்தேன்" என்றேன்.

என் மனைவி எங்கள் தேவாலயத்தின் பாடகர் குழுவில் பாடியவள். அந்த மாத்திரை தொடங்கியதும் இருமல் வந்தது. கைக்குட்டை முனையில் கற்கண்டும் மிளகும் முடிந்துகொண்டு போவாள். முதலில் குழு வரிசையின் ஓரத்துக்கு மாறினாள். பிறகு, எழுந்து வெளியே போக வசதியாக, வாசல் பக்கத்துப் பெஞ்சுக்கு. நான் ஊர் மில்களின் பஞ்சுத் தூசி என்றேன். பையிலிருந்த இருமல் சிரப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். என் சொந்தத் தேர்வில் அந்தப் பக்க விளைவைச் சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். நம்புவது கடினம்தான், ஆனால் அது என் நினைவுக்கே வரவில்லை. சொல்லாமல் பழகிய விஷயத்தை மனமும் நினைக்காமல் பழகிவிடுகிறது.

பிறகு அந்த மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்து, டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். சில வாரங்களில் இருமல் நின்றது. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அவளோ ஜெபம் கேட்கப்பட்டது என்று நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் சுகம் தந்தார் என்று சாட்சி சொன்னாள். எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன்.

குழுவுக்குத் திரும்பக் கூப்பிட்டபோது அவள் போகவில்லை. "பாட்டு நடுவுல திரும்ப வந்துட்டா?" என்று பயந்தாள். காரணம் தெரிந்திருந்தால் அந்தப் பயம் இருந்திருக்காது. அந்த ஒரு வார்த்தை என் வாயில் இருந்தது. நான் சொல்லவில்லை. அவள் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன, வேறு நோயால். கடைசி வரை வாசல் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள்.

இவ்வளவையும் மகளிடம் சொன்னேன்.

"சாட்சி சொன்ன அன்னைக்கு நீங்க அவ பக்கத்துலதான இருந்தீய?"

"இருந்தேன்."

போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள். காயாத துணிகளையும் சேர்த்து எடுத்து வந்தாள். அன்று அதற்கு மேல் பயிற்சி இல்லை. தேர்வுக்கு முந்தின நாளா இதைச் சொல்வது என்று எனக்குப் பயம் வந்தது. அவள் அம்மாவுக்குச் செய்தது போதாதென்று இவள் பிழைப்பையும் கெடுத்துவிட்டேனோ என்றிருந்தது.

மறுநாள் காலை கணினியில் எழுத்துத் தேர்வை முடித்தாள். அடுத்து வாய்மொழி. மதுரையிலிருந்து மேலாளர் திரையில் டாக்டராக உட்கார்ந்தார். நான் பக்கத்து அறையில், கதவைப் பாதி சாத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். தடுமாறாமல் பேசினாள். நன்றி சொல்லி மூட வேண்டிய இடம் வந்தது.

"டாக்டர், கடைசிப் பக்கத்தையும் செத்த பாத்துருங்க. இந்த மாத்திரைல சில பேருக்கு வறட்டு இருமல் வரும்."

"நான் அதக் கேக்கலையேம்மா."

"கேக்கலை டாக்டர். ஆனா யாரும் கேக்காம விட்டுட்டா ஒரு அம்மா வருசம் பூரா இருமிக்கிட்டே இருப்பாங்க. தூசின்னு நெனச்சு சிரப் எழுதிறாதீங்க. மாத்திரைய மாத்திருங்க. நின்னுரும்."

நானாக இருந்தால் அந்த இடத்தில் மதிப்பெண்ணைக் குறைக்கப் பேனாவை எடுத்திருப்பேன்.

"சரி. முடிச்சுக்கோங்க" என்றார் அவர்.

முடிவு சாயங்காலம் வந்தது. எழுத்தில் நல்ல மதிப்பெண். வாய்மொழியில் தேர்ச்சிக் கோட்டை ஒட்டித் தேறியிருந்தாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கீழே மேலாளரின் குறிப்பு: கேட்காததைச் சொல்கிறார்.

"உங்க சிஷ்யப்புள்ளையா இருப்பாரு போலப்பா" என்றாள். முந்தின நாளிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைப் பார்க்காதது போலப் பூனைக்குச் சோறு வைக்கப் போனாள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. காலையில் பையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு, "நீங்களும் ஏறுங்க. போற வழில கல்லறைத் தோட்டம் இருக்கு" என்றாள்.

"நீயும் உள்ள வாரியா?"

"இல்ல. நான் வெளியவே நிக்கேன். நீங்க பேசிட்டு வாங்க, மெதுவா."

அவள் வண்டியை அணைத்துவிட்டு வேப்பமர நிழலில் நின்றாள். நான் உள்ளே போய், என் மனைவியின் கல்லின் மேல் கிடந்த சருகுகளைக் கையால் ஒதுக்கினேன். எப்போதும் போல அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

நான் சொன்னேன்.