ஊற்று வேண்டாம் என்று கேட்ட ஜெபம்

பிள்ளைகளே, என் மகள் எஸ்தருக்குக் கீழ்த்தாடை முன்னால் நீண்டிருந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது. ஒரு முறுக்கைக்கூட அவளால் கடிக்க முடியாது. நொறுக்கித்தான் வாயில் போடுவாள். அவள் காலேஜ் சேர்ந்த பிறகு, போன வருஷம், திருச்சியில் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள்.

அங்கே டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். "பல்லு சேரணும்னா மேல்தாடையைப் பிரிச்சு முன்னால நகர்த்தணுங்க. அதுக்குப் பின்னாடி பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு போகுது. அது ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி. உங்க பொண்ணுக்கு, நாங்க வெட்டுற எடத்துக்கு ரொம்பக் கிட்ட இருக்கு. எலும்பும் அங்க தடிப்பு. பிரிக்க நேரமாகும், ரத்தமும் கூடப் போகலாம். ஏத்துறதுக்கு ரத்தம் தயாரா வச்சுக்குவோம்."

வேப்பந்தட்டைப் பக்கம் தண்ணீருக்குப் போர் போடுவது என் தொழில். பாறைக்குள் ஊற்று எங்கே ஓடுகிறதென்று மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது. பட்டுவிட்டால் பீறிட்டு அடிக்கும். கையால் பொத்த முடியாது. அதே மாதிரி என் பிள்ளையின் முகத்துக்குள்ளா? ஊருக்கே திரும்பிவிடலாமா என்று பார்த்தேன்.

எஸ்தர்தான் சிரித்தாள். "அப்பா, போர் போடுற எடத்துல ஜெபம் பண்ணுவியே, அதே ஜெபத்தை இங்க பண்ணிடாத!"

"போடி வாயாடி" என்றேன். ஆனால் அவள் சொன்னது சரி. இத்தனை வருஷமும் நான் கேட்டதெல்லாம், "ஆண்டவரே, ஊற்றைத் திறந்துவிடும்" என்றுதான்.

அவளை உள்ளே கொண்டுபோனதும் வராந்தாவிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இன்றைக்கு ஊற்று வேண்டாம். அந்தக் குழாயை வைத்தவர் நீர். அது இருக்கிற இடம் உமக்குத் தெரியும். டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொள்ளும்" என்று அழுதேன்.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். "நல்லபடியா முடிஞ்சுதுங்க. அந்தக் குழாய்மேல படவே இல்ல. எடுத்து வச்ச ரத்தம்கூடத் தேவைப்படல."

கும்பிட்டேன். கண்ணுக்குத் தெரியாத குழாயைப் படத்திலேயே கண்டுபிடித்து, அதைத் தொடாமல் எலும்பை மட்டும் பிரித்த விரல்கள்! அந்த விரல்களைப் படைத்தவரை என்ன சொல்லிப் புகழ்வேன்?

பல வாரம் கஞ்சியும் ஜூஸும்தான். பிறகு ஒருநாள் அடுப்படியில் "கடக்" என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கையில் பாதி முறுக்கோடு எஸ்தர் நிற்கிறாள். "அப்பா, கேட்டுச்சா?" என்றாள். கேட்டது பிள்ளைகளே. இப்போதும் கேட்கிறது.

உங்களுக்குப் பயம் வந்தால், இருப்பதை இருக்கிறபடியே அவரிடம் சொல்லுங்கள். நான் இன்றும் போர் போடுமுன் தண்ணீர் கேட்கிறேன். அதற்கு முன்னால் நன்றி சொல்கிறேன். என் மகளுக்காக ஊற்றை அடக்கியவர், ஊரார் கொல்லைக்காக அதைத் திறக்கமாட்டாரா?