நோரீன் துடைத்த இழைப்புளிகள்

நோரீனுக்கு அழுக்கைக் கண்டாலே ஆகாது. லான்செஸ்டன் ஊரில் பள்ளிக்கூடம் ஒன்றில் காலமெல்லாம் தரை துடைத்தவள், வீட்டிலும் கையைச் சும்மா வைத்திருக்கமாட்டாள். அவள் துணி நுழையாத ஒரே இடம் புருஷன் ஆர்ச்சியின் கொட்டகை. சுவர் நிறைய, மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் பழைய இழைப்புளிகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் அதை வைத்திருந்த தச்சர்களின் பெயர்கள் குத்தப்பட்டிருக்கும். எப்போதோ செத்துப்போன அந்த மனிதர்களைப் பற்றிச் சொந்தக்காரர்களைப் போலப் பேர்சொல்லிப் பேசுவான் ஆர்ச்சி.

"ஒரு தடவை தொடச்சுத் தரேனே?"

"கிட்ட வந்தே, உன்னையும் சுவத்துல மாட்டிடுவேன்."

"மாட்டு. அப்பவாவது என்னை ஏறெடுத்துப் பாப்ப."

குளிர்காலத்தில் ஆர்ச்சி போய்ச் சேர்ந்தான். மகள் வீட்டோடு போக வேண்டியிருந்தது நோரீனுக்கு. பழங்கருவி சேகரிக்கும் அவன் கூட்டாளிகளே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தாள். அவர்கள் முன்னால் ஆர்ச்சியின் சாமான் அழுக்காக நிற்கலாமா? கம்பி நாரால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்தித் துடைத்து, வார்னிஷும் அடித்தாள்.

அந்தக் கூட்டாளிகள் கூடும் பழங்கருவி விற்பனை நாளன்று தேவாலயக் கூடத்தில் அவள் மேசை பளபளத்தது. வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், "எப்படி இருக்க நோரீன்?" என்றார்கள், டீ இருக்கும் பக்கம் நழுவினார்கள். ஒருவரும் எதையும் கையில் எடுக்கவில்லை.

ஆர்ச்சியின் உயிர்த்தோழன் நெவில் பிந்தி வந்தான். "எந்த மடையன்டா இப்படிப் பண்ணினது? ஆர்ச்சி மட்டும் இருந்திருந்தா..." அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"நான்தான் நெவில். ஒரே அழுக்கா இருந்துச்சு."

அவன் ஒரு இழைப்புளியை எடுத்துப் பிடியைத் தடவினான். "அழுக்கு இல்ல, கண்ணு. இங்க கருப்பா இருந்துச்சே, அது கைவேர்வை. முதல்ல அந்தத் தச்சனுங்களோடது. அதுக்கு மேல நம்ம ஆர்ச்சியோடது, இத்தனை வருஷமா. நாங்க அலையறதே அதுக்குத்தான்."

 போகாத கறை என்று திட்டிக்கொண்டே அதைத்தானே அழுத்தி அழுத்தித் தேய்த்தாள் நோரீன்! உலகத்தில் மிச்சமிருந்த ஆர்ச்சியின் கையை அவளே, பாவி, வழித்துப் போட்டுவிட்டாள்.

மேசையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். துடைத்த துணியிலாவது அந்தக் கறுப்பு இருக்குமே. அழுக்குக்கூடை காலியாக இருந்தது. கொல்லைக் கதவைத் திறந்தாள். முந்தின நாள் வேலை முடிந்த கையோடு வெந்நீரில் ஊறவைத்து, அவளே அலசிப் போட்ட துணி கொடியில் வெள்ளை வெளேரென்று ஆடிக்கொண்டிருந்தது. உருவி எடுத்து மூக்கோடு அழுத்திக்கொண்டாள். சோப்பு வாசனைதான் வந்தது.